பந்தியில் எழுப்பாதீர்கள்!
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர், சித்தேரி)

மலையில் பிறந்தவனுக்குக் கடற்பறவையைப் பற்றி எழுத என்ன தகுதி இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எங்கள் ஊர்ப் பெயரில் ஓர் ஏரி இருக்கிறதே தவிர, கடல் எந்தத் திசையில் நடந்தாலும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான். சாமையும் புளியும் தெரிந்த அளவுக்கு எங்களுக்குச் சங்கும் சிப்பியும் தெரியாது. நான் முதன்முதலாகக் கடலைக் கண்டதே கல்லூரியில் சேர்ந்த பிறகு, விலங்கியல் துறைச் சுற்றுலாவில் கோடியக்கரைக்குச் சென்றபோதுதான். ஆயினும், தெரிந்தவன் சொல்வதைவிடத் தவறு செய்தவன் சொல்வது சில வேளைகளில் பயன்படும். அந்த எண்ணத்தில்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலோரப் பறவைகளையும் விலங்குகளையும் படம் பிடிக்கும் கலையை நம் போன்ற அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் கற்க வேண்டும், கற்க முடியும். ஆனால் அந்தக் கலையின் முதல் பாடம் காமிராவில் இல்லை. எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதில் இருக்கிறது.

கோடியக்கரையில் நடந்தது

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே, நிலம் கடலுக்குள் முனையாக நீளும் இடம் கோடியக்கரை. அமரர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர் என்று சொன்னால் போதும். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பாக் நீரிணை, நடுவில் வெளிமான்கள் மேயும் புல்வெளியும் உலர் பசுமைக் காடும், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுவெளியும் உப்பளங்களும். 1967ஆம் ஆண்டு இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, 38,500 ஹெக்டேர் பரப்புடன், ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. பறவையியல் மேதை சாலிம் அலியின் கவனத்தை ஈர்த்த இடம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்த இடம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தபோது இக்காடு பட்ட பாட்டை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அதற்குப் பின்னும் பறவைகள் வரத்தான் செய்கின்றன.

நாங்கள் சென்றது ஜனவரி மாதம். அரூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் உறவினர் அண்ணன் ஒருவர், தம் பழைய காமிராவையும் 300 மி.மீ. லென்ஸையும் நம்பிக் கொடுத்திருந்தார். "மணலு பட்டா லென்ஸு போச்சு. பாத்துக்கோ" என்று ஒரே வரியில் பாடம் நடத்தி அனுப்பினார்.

விடியற்காலையில் சேற்றுவெளியின் ஓரத்துக்குப் போனோம். தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. அதன் நடுவே நூற்றுக்கணக்கான சிறு உள்ளான்கள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் பூநாரைகள், வெள்ளைத் துணி காயப் போட்டதுபோல் ஒரே வரிசையாக. காமிராவில் பார்த்தேன். உள்ளான் ஒன்று கடுகு அளவு தெரிந்தது. பத்தடி முன்னே போனேன். மிளகு அளவு ஆயிற்று. மலையில் வளர்ந்தவன் அல்லவா? குனிந்தும் தவழ்ந்தும் நெருங்குவது எனக்குப் பழக்கம். சிறு வயதில் உண்டிவில்லோடு கௌதாரி பின்னால் திரிந்த கால்கள் இவை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். ஒரு கணத்தில் கூட்டம் முழுவதும் 'விர்'ரென்று எழுந்தது. அதைக் கண்டு அடுத்த கூட்டமும், அதற்கப்பால் பூநாரைகளும் தண்ணீரில் ஓடி ஓடிக் கிளம்பின. நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். என் மனத்தில் வெற்றிக் களிப்பு!

திரும்பியபோது கரையில் வலையைத் தோளில் போட்டபடி ஒரு பெரியவர் நின்றிருந்தார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

"தர்மபுரிப் பக்கம், சித்தேரிங்க ஐயா."

"உங்க ஊருல பந்தியில சோறு தின்னுக்கிட்டு இருக்கிறவனை எழுப்பி விடுவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

"இதுங்க எங்கேயிருந்தோ பசியோட வந்திருக்கு. இலை போட்டு உட்காந்திருக்கு. எழுப்பி விட்டுட்டீங்களே."

அவ்வளவுதான். வலையை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார். அன்று எடுத்த 140 படங்களில் ஒன்றையாவது இங்கே அச்சிடத் தரலாம் என்று நண்பர்கள் கேட்டார்கள். எல்லாமே பறவைகள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும் படங்கள். தரவில்லை.

அந்தப் பெரியவர் சொன்னது வெறும் உவமை அன்று, விலங்கியல். கொசு உள்ளான் என்றொரு சிறு பறவை. எடை ஏறத்தாழ 25 கிராம். சைபீரியாவின் வட கோடியில், ஆர்க்டிக்கை ஒட்டிய தரிசு நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் நம் கடற்கரைக்கு வருகிறது. மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போக வேண்டும். போகும் வழிக்கான கட்டுச்சோறு முழுவதும் அதன் உடலில் கொழுப்பாகச் சேர வேண்டும். சேற்றில் அது கொத்தும் ஒவ்வொரு புழுவும் அந்தக் கணக்கில் வரவு. பயந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் செலவு. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்திருக்கிறது. அத்தகைய பயணத்துக்குப் பறவை சேமிக்கும் கொழுப்பில் ஒரு துளியை, ஒரு படத்துக்காக நாம் எரிக்க வைக்கிறோம். நான் ஒருவன் தானே என்று நினைக்கலாம். விடுமுறை நாட்களில் நம்மைப்போல் நாற்பது பேர் அதே கரைக்கு வருகிறார்கள்.

ஆசையின் கணக்கு

நெருங்கிச் செல்லும் ஆசை ஏன் எழுகிறது? இதற்கு இயற்பியலே விடை சொல்கிறது. தொலைவிலுள்ள ஒரு பொருளின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழும் என்பது, லென்ஸின் குவியத் தொலைவைப் பொருளின் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். 20 செ.மீ. நீளமுள்ள ஓர் உள்ளான், 60 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. கையில் 300 மி.மீ. லென்ஸ். சென்சாரில் விழும் பிம்பம் 1 மி.மீ. தான். 30 மீட்டருக்குப் போனால் 2 மி.மீ. 15 மீட்டரில் 4 மி.மீ. சென்சாரின் அகலமோ 22 மி.மீ. அளவு. தூரத்தைப் பாதியாக்கினால் பறவை இரண்டு மடங்கு. இந்தக் கணக்குத்தான் நம்மைப் பிடித்து முன்னே தள்ளுகிறது. லென்ஸ் வாங்கப் பணம் இல்லாதவன் கால்களால் அந்தக் குறையை நிரப்பப் பார்க்கிறான். நானும் அதைத்தான் செய்தேன்.

ஆனால் அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். 1 மி.மீ. பிம்பத்தோடு, அந்தச் சேற்றுவெளியும் விடியல் ஒளியும் தொலைவில் உப்புக் குவியலும் சேர்ந்து ஒரு படம் ஆகுமே! பறவை எங்கே வாழ்கிறது, என்ன செய்கிறது, யாரோடு நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும். அலகும் கண்ணும் மட்டும் நிறைந்த படத்தைக் கோடியக்கரையில் எடுத்தால் என்ன, மிருகக்காட்சி சாலையில் எடுத்தால் என்ன? நம் சங்கப் புலவர்கள் நெய்தல் திணையைப் பாடியபோது நாரையை மட்டும் தனியே வெட்டி எடுக்கவில்லை. கழியும் கானலும் உப்பு வண்டியும் சேர்த்துத்தான் காட்டினார்கள். சத்திமுற்றப் புலவர் நாரையின் அலகை, நம் வீடுகளில் தின்னும் ஓர் எளிய பண்டத்தோடு ஒப்பிட்டுச் சொன்னது, காமிரா இல்லாமலேயே ஒருவர் எவ்வளவு கூர்ந்து பார்க்க முடியும் என்பதற்குச் சான்று. பார்வை முதலில், கருவி பின்னால்.

முன்னோர் பட்ட பாடு

இந்தக் கலையின் வரலாற்றைப் புரட்டினால், நெருங்குவதா, ஒளிந்திருப்பதா, காத்திருப்பதா என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 1882இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் மாரே, பறவை பறக்கும் விதத்தை அறிய ஒரு கருவி செய்தார். துப்பாக்கி வடிவம், ஒரு நொடிக்கு 12 படங்கள் எடுக்கும். சுட்டுக் கீழே வீழ்த்தாமல் பறவையை ஆராயத் துப்பாக்கியின் உருவத்தையே கடன் வாங்கினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இங்கிலாந்தின் கீர்ட்டன் சகோதரர்கள் 1892இல் முட்டையோடு கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் பிடித்தார்கள். பின்னர் உள்ளீடற்ற பொம்மைக் காளை ஒன்றைச் செய்து, அதன் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டு படமெடுத்தார்கள். மாட்டைக் கண்டால் பறவை பயப்படாது என்பது அவர்கள் கண்ட சூட்சுமம். 1937இல் எரிக் ஹாஸ்கிங் என்ற புகழ்பெற்ற கலைஞர், ஆந்தைக் கூட்டுக்கருகே சென்றபோது தாய்ப்பறவை தாக்கி ஒரு கண்ணை இழந்தார். தாய்க்கு அதன் குஞ்சு. அவருக்குத் தம் படம். யார் பக்கம் நியாயம் என்று நாம்தான் தீர்ப்பளிக்க வேண்டும்.

நம் நாட்டில், நம் மொழிக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தவர். தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவரான அ. மாதவையாவின் மகன். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். பத்மஸ்ரீ பெற்றவர். அவர் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்களே. விலையுயர்ந்த புதுக் காமிராவை எதிர்பாராமல், வெவ்வேறு பாகங்களைத் தாமே பொருத்தி அமைத்துக்கொண்ட கருவியால் படமெடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். காமிரா கையில் எடுக்குமுன் அந்நூலை எடுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. ஒரு பறவையை நாள் கணக்கில் பார்த்தவன் எழுதும் எழுத்துக்கும், ஒரு நொடி பார்த்தவன் எழுதும் எழுத்துக்கும் வேறுபாடு அதில் விளங்கும்.

கற்க வேண்டியவை

அந்தப் பெரியவர் போன பிறகு மீதியிருந்த ஒன்றரை நாளில் நான் வேறு விதமாக முயன்றேன். எங்களுடன் வந்த பேராசிரியரும் வனத்துறை ஊழியர் ஒருவரும் கற்றுத்தந்தவற்றையும், திரும்பி வந்து படித்துத் தெரிந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பறவைக்கு நம்மிடம் வரும் உரிமையைக் கொடுப்பது. மேய்ந்துகொண்டே கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அரைமணி நேரம் பார்க்க வேண்டும். பிறகு, அவை வரப்போகும் வழியில், அவை வருமுன்பே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். நின்றால் நாம் எதிரி. படுத்தால் ஒரு மரக்கட்டை. மறுநாள் நான் அப்படிப் படுத்திருந்தபோது, முந்தின நாள் என்னைக் கண்டு ஓடிய அதே இனப் பறவைகள் தாமாகவே அருகில் வந்து மேய்ந்தன. பறவையின் கண் மட்டத்தில் காமிரா இருப்பதால் படமும் உயிரோடு அமைகிறது. மேயும் பறவை தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றாலே அது நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. அப்போதே நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று பறவைகள் நிமிர்ந்தால் பின்வாங்க வேண்டும்.

இரண்டாவது, ஒளி. காமிராவின் ஒளியளவி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே வெண்ணிற உப்பளம் நிறைந்த காட்சியைத் தானாக எடுக்க விட்டால் அது அழுக்கு நிறமாகப் பதியும். ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். கரிய சேற்றின் நடுவே ஒற்றை வெண்கொக்கு நின்றால் நேர்மாறு. கொக்கின் இறகுகள் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மேல் சேற்றுவெளியில் கானல் எழும். வெப்பக் காற்றின் அடுக்குகளில் ஒளி வளைந்து வளைந்து வருவதால் பறவையின் உருவம் கொதிக்கும் நீரில் தெரிவதுபோல் ஆடும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைத் திருத்தாது. அந்நேரம் காமிராவை மூடிவிட்டுக் குறிப்பேட்டைத் திறப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, வேகம். ஒரு கடற்காகம் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒரு நொடி மட்டும் ஷட்டரைத் திறந்தாலும் அதற்குள் அது 1 செ.மீ. நகர்ந்துவிடும். ஆகவே ஷட்டரை மட்டும் நம்பாமல், பறவையோடு சேர்ந்து காமிராவையும் ஒரே சீராகத் திருப்பக் கற்க வேண்டும். இதற்குக் கடல் தேவையில்லை. நம் கல்லூரி மைதானத்தின் மேல் வட்டமிடும் பருந்து போதும்.

நான்காவது, கருவியின் நலம். உப்புக் காற்றும் மணலும் காமிராவுக்கு எமன். கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கூடாது. அறைக்குத் திரும்பியதும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். ஸ்டூடியோ அண்ணனிடம் காமிராவைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முதலில் பார்த்தது படங்களை அல்ல, லென்ஸ் வளையத்தைத்தான். பிறகு நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "நாங்க கல்யாணத்துல பந்தியையும்தான் படம் எடுக்கிறோம். சாப்பிடுறவங்க கையை நிறுத்தச் சொல்லியா எடுக்கிறோம்?" என்றார். இரண்டு ஊர், இரண்டு தொழில், ஒரே பாடம்.

கூடும் முட்டையும்

மேய்ச்சலில் எழுப்புவது தவறென்றால், கூட்டில் எழுப்புவது பாவம். சிற்றாலா, சிறு உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் கோடையில் வெறும் மணலில் முட்டையிடுகின்றன. கூடு என்று ஒன்றும் இராது; சிறு குழி, அவ்வளவே. முட்டையின் நிறம் மணலோடு மணலாக இருக்கும். நம் நாட்டு வெயிலில் தாய் முட்டைமேல் அமர்வது சூடேற்ற மட்டும் அன்று, நிழல் தரவும்தான். சில பறவைகள் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதை அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு படத்துக்காக நாம் தாயை எழுப்பிவிட்டுப் பத்து நிமிடம் அங்கே நின்றால், முட்டைக்குள் இருக்கும் கரு வெந்துவிடக்கூடும். நம் காலடியைப் பின்தொடர்ந்து காகமும் நாயும் வரும். படத்தில் அழகான முட்டை இருக்கும், மணலில் இராது.

இதைச் சட்டமும் சொல்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கியே தொடாதவனும் சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரன் ஆகலாம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சரணாலயத்துக்குள் படமெடுக்க முறையான அனுமதி வேண்டும். 2022இல் செய்த திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் உயிரினத்துக்குத் தீங்கு செய்யாமலும் எடுக்கும் படத்துக்கே இடம் தருகிறது.

கடலாமையின் செய்தியும் இதுவே. பங்குனி ஆமை என்று மீனவர் அழைக்கும் ஆமைகள் ஜனவரி முதல் சில மாதங்கள் சென்னை முதலான நம் கரைகளில் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. ஏறத்தாழ 50 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடும் இயல்புடையவை. இயற்கையில் அந்த வெளிச்சம் கடல்தான். நாம் மின்விளக்கையோ பிளாஷையோ காட்டினால் அவை கரைப்பக்கம் திரும்பி மடிகின்றன. இருட்டில் எடுக்க முடியாத படத்தை எடுக்காமல் விடுவதும் ஒரு கலைதான். 1988 முதல் சென்னையில் மாணவர்களே கூடி நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், இரவிரவாகக் கரையில் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். மாணவர்களால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு அவர்கள் நடந்த மணலே விடை.

பணக்காரர் பொழுதுபோக்கா?

இனி, மறுப்புகளுக்கு வருவோம். "இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கேன்?" என்பது முதல் மறுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு நல்ல தொலைநோக்கு லென்ஸின் விலையை வீட்டில் சொன்னால், "அது மாடா, நிலமா?" என்று கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு கலை விலை உயர்ந்தது என்பதற்காக நாம் விலகி நின்றால், நம் கடற்கரையையும் நம் மலையையும் பற்றி வெளியூர்க்காரர் எடுத்த படங்களை மட்டுமே நம் பிள்ளைகள் பார்ப்பார்கள். எந்தப் படத்தில் மீனவர் பகைவராகவும் எந்தப் படத்தில் மலைவாசி வேடிக்கைப் பொருளாகவும் தெரிய வேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். எனக்குக் கோடியக்கரையில் பாடம் சொன்னவர் ஒரு மீனவர் என்பதை எந்தப் படமும் காட்டாது. அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன்.

"படம் எடுத்து என்ன பயன்?" என்பது இரண்டாவது மறுப்பு. கால்வளையமும் நிறக் கொடியும் பூட்டிய பறவையைத் தொலைவிலிருந்து தெளிவாகப் படம் பிடித்தால், அதை மீண்டும் வலையில் பிடிக்காமலேயே அது எங்கிருந்து வந்தது என்று அறியலாம். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, நாடு அதைப் பேசியதற்குப் படங்களும் ஒரு காரணம். மூச்சுவிட மேலே வர முடியாமல் இழுவலைகளில் சிக்கி ஆமைகள் மூழ்கி மடியும் கதையை ஆயிரம் சொற்களில் சொன்னாலும் கேளாத காதுகள், ஒரு படத்துக்குத் திரும்பின. அதே ஆண்டு ஜூனில், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் சேற்றுவெளிகள் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. படம் சான்று. ஆனால் சான்று என்றால் தேதி வேண்டும், இடம் வேண்டும், பொய் கலவாமை வேண்டும். கணினியே இல்லாத பறவையைத் தீட்டித் தரும் இக்காலத்தில், குறிப்பேட்டோடு கூடிய நேர்மையான சிறு படத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

மூன்றாவது மறுப்பு என் நண்பன் ஒருவன் சொன்னது. "எல்லோரும் தள்ளி நின்றால் யாருக்கும் நல்ல படம் கிடைக்காதே!" உண்மை. சில படங்கள் கிடைக்காது. கிடைக்காமற் போகட்டும் என்பதே என் கருத்து. நமக்கு ஒரு படம் குறைவதால் உலகம் ஒன்றையும் இழப்பதில்லை.

ஒரு வேண்டுகோள்

நம் கல்லூரிக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, விலங்கியல் துறைக்கு நான்கைந்து 8×42 இருகண் நோக்கிகளும், எல்லாத் துறை மாணவரும் முறைவைத்து எடுத்துச் செல்லக்கூடிய ஒரு காமிராவும் வாங்கித் தர வேண்டும். நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பதுபோல் கையெழுத்திட்டு எடுத்துப் போகட்டும். அதுவரை, நோக்கியின் கண்ணில் கைப்பேசியைப் பொருத்தியே ஓரளவு படம் எடுக்கலாம்; முயன்று பார்த்தேன். மற்றொன்று, காமிரா பெறுமுன் ஒவ்வொரு மாணவரும் ஒரு மாதம் குறிப்பேடு எழுதிக் காட்ட வேண்டும் என்ற விதி. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன பறவை, என்ன செய்தது. எழுதாதவனுக்குக் காமிரா இல்லை.

கடலுக்கு ஆண்டுக்கொரு முறைதான் போக முடியும். ஆனால் கடற்கரைக்கு வரும் உள்ளான்களில் சில நம் மாவட்டத்து ஏரிகளுக்கும் வருகின்றன. நெடுங்கால் உள்ளானும் கூழைக்கடாவும் ஆற்று ஆலாவும் நம் நீர்நிலைகளில் பழக இருக்கின்றன. அங்கே தள்ளி நிற்கக் கற்றவனே கோடியக்கரையிலும் தள்ளி நிற்பான்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் நிலத்துக்குக் கீழே ஓடும் ஓடையில், பாறைமேல் ஓர் உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. இத்தனை ஆண்டுகள் அதே ஓடையில் குளித்திருக்கிறேன். குளிர்காலத்தில் மட்டும் வரும் விருந்தாளி அது என்று தெரிந்ததில்லை. கையில் கைப்பேசி மட்டுமே இருந்தது. அருகில் போகவில்லை. கரையில் உட்கார்ந்து ஒரே ஒரு படம் எடுத்தேன். படத்தில் ஓடை இருக்கிறது, பாறை இருக்கிறது, அம்மா துவைக்கப் போட்டிருந்த துணி இருக்கிறது. பறவை ஒரு புள்ளி. அம்மாவிடம் காட்டினேன். "குருவி எங்கேடா?" என்றார். தொட்டுக் காட்டினேன். "ஓ, இதா! இது வருஷா வருஷம் வருமே" என்றார்.

நான் பாடப் புத்தகத்தில் படித்ததை அம்மா ஓடையில் படித்திருக்கிறார். நான் எழுந்து வரும்போதும் அந்தப் பறவை மேய்ந்துகொண்டுதான் இருந்தது. இதுவரை நான் எடுத்தவற்றில் நல்ல படம் எது என்று கேட்டால், அந்தப் புள்ளியைத்தான் காட்டுவேன்.

நண்பர்களே, வந்த விருந்தை வயிறார உண்ண விடுவது நம் மரபு. காமிரா கையில் வந்ததும் அம்மரபை மறந்துவிட வேண்டாம். படம் பிடிப்போம், ஆனால் பந்தியில் எழுப்பாதிருப்போம்.